இது யாரோடது? – இங்கிலீஷில் 'என்னுடையது' சொல்லும் வழிகள்



"மை, யுவர், ஹிஸ், ஹெர் எல்லாம் சின்ன கிளாஸ்லயே முடிச்சாச்சு. அதுக்கு ஒரு கட்டுரையா?" என்று அடுத்த தாளுக்கு நகரப் போறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த நாலு வாக்கியத்தையும் மனசுக்குள்ளேயே இங்கிலீஷில் மாற்றிப் பாருங்க.

1. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்.
2. எங்க அம்மா துணி தைக்கிறாங்க.
3. நான் கை கழுவினேன்.
4. இது தாத்தா படம்.

நாலும் குட்டி வாக்கியம்தான். ஆனால் நாலிலும் ஒரு பள்ளம் இருக்கு. நல்லாப் படிக்கிறவங்களும் தடுக்கி விழுகிற பள்ளம். ஏன் என்று பார்ப்போம். (இது தமிழ் மன்றத்துச் சுவர் இதழ் என்பதால் இங்கிலீஷ் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஸ்பெல்லிங்கை உங்க பாடப் புத்தகத்தில் பார்த்துக்கோங்க.)

ஒரே 'ஹேவ்', நாலு வேலை

முதல் வாக்கியத்தை "டு மீ ஒன் பிரதர் இஸ் தேர்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. 'எனக்கு' என்பதை 'டு மீ' என்று அப்படியே மாற்றிவிடுகிறார்கள். சரியானது, "ஐ ஹேவ் எ பிரதர்."

தமிழில் நாம எப்படிச் சொல்றோம் என்று கவனியுங்க.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்.
என்னிடம் ஒரு பேனா இருக்கிறது.
எனக்குக் காய்ச்சல்.
எங்கள் வீட்டில் மூணு ரூம் இருக்கு.

சொந்தக்காரர் என்றால் 'எனக்கு'. கையில் இருக்கும் பொருள் என்றால் 'என்னிடம்'. வீட்டின் பகுதி என்றால் 'வீட்டில்'. தம்பியைப் போய் "என்னிடம் ஒரு தம்பி இருக்கிறான்" என்று சொன்னால், தம்பியைப் பிடித்துப் பையில் போட்டு வைத்திருக்கிற மாதிரி ஆகிவிடும்! தமிழ் இப்படிப் பிரித்துப் பார்க்கிறது. இங்கிலீஷ் இந்த நாலுக்கும் 'ஹேவ்' என்ற ஒரே சொல்லைப் போடுகிறது. "ஐ ஹேவ் எ பிரதர், ஐ ஹேவ் எ பென், ஐ ஹேவ் எ ஃபீவர், அவர் ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்."

இன்னொன்றும் முக்கியம். 'ஹேவ்' என்றாலே சொந்தம் என்று அர்த்தம் இல்லை. "ஐ ஹேவ் கண்ணன்ஸ் பென்" என்றால், கண்ணனோட பேனா என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். பேனா கண்ணனுக்கே சொந்தம். கையில் இருப்பது வேறு, உரிமை வேறு. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காதவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்!

எங்க அம்மாவா, என் அம்மாவா?

போன மாதம் ஒரு வகுப்பில் நடந்தது. ஒரு பெண் எழுந்து நின்று, "அவர் மதர் இஸ் எ டெய்லர்" என்று படித்தாள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "எங்களுக்கும் சேர்த்தா அம்மா?" என்றான். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் அதற்கப்புறம் இங்கிலீஷ் பீரியடில் எழுந்திருக்கவே தயங்குகிறாள்.

இதில் சிரிக்க என்ன இருக்கு? நாம எல்லாரும் வீட்டில் 'எங்க அம்மா', 'எங்க அப்பா', 'எங்க வீடு' என்றுதான் சொல்றோம். கூடப் பிறந்தவங்க யாருமே இல்லாத ஒத்தைப் பிள்ளைகூட 'எங்க அம்மா' என்றுதான் சொல்லும். 'என் அம்மா' என்பது கதைப் புத்தகத்தில் அதிகம் வரும், பேச்சில் குறைவு. அம்மா, வீடு, ஊர் இதெல்லாம் ஒருத்தருக்கு மட்டும் சொந்தமானது இல்லை, குடும்பத்துக்கே சொந்தம் என்பது நம்ம பேச்சு வழக்கு.

இங்கிலீஷில் கணக்கு வேறு. பேசுகிறவர் ஒருத்தர் என்றால் 'மை மதர்'. அண்ணனும் தங்கையும் சேர்ந்து நின்று, அல்லது தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது, 'அவர் மதர்'. அந்தப் பெண் செய்தது முட்டாள்தனம் இல்லை. தமிழில் சரியாக இருப்பதை அப்படியே கொண்டு போயிருக்கிறாள். தமிழ் ஒரு இடத்தில் கோடு போடுகிறது, இங்கிலீஷ் இன்னொரு இடத்தில் கோடு போடுகிறது. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். கோடு எங்கே இருக்கு என்று தெரிந்துவிட்டால் தப்பு தானாகவே குறையும்.

தமிழ் போடும் கோடு சில இடங்களில் இன்னும் நுணுக்கமானது. 'எங்கள் பள்ளி' என்றால் கேட்கிறவர் அதில் சேரமாட்டார். 'நம் பள்ளி' என்றால் அவரும் சேர்த்தி. இங்கிலீஷில் இரண்டுக்கும் 'அவர் ஸ்கூல்'தான். கேட்கிறவர் உள்ளேயா வெளியேயா என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

என் கை, என் பல், என் பாக்கெட்

மூணாவது வாக்கியம். "ஐ வாஷ்ட் ஹேண்ட்ஸ்" என்று எழுதினீங்களா? மார்க் போச்சு. "ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்" என்று எழுதணும்.

நாம, 'கை கழுவினேன், பல் தேய்த்தேன், தலை சீவினேன்' என்கிறோம். என் கையை விட்டுட்டு ஊரான் கையையா கழுவப் போறேன்? சொல்லாமலே புரியும். ஆனால் இங்கிலீஷில் சொல்லித்தான் ஆகணும். 'பிரஷ்ட் மை டீத்', 'கோம்ப்ட் மை ஹேர்', 'ஹீ புட் ஹிஸ் ஹேண்ட் இன் ஹிஸ் பாக்கெட்'. ஒரே வாக்கியத்தில் இரண்டு 'ஹிஸ்' வந்தாலும் கூச்சப்படக் கூடாது.

தனியா நிற்கிறதும் துணையோட நிற்கிறதும்

'மை' தனியா நிற்காது. பின்னாடி ஒரு பெயர்ச்சொல் வரணும். 'மை புக்.' 'மைன்' தனியா நிற்கும். "திஸ் புக் இஸ் மைன்." இதே மாதிரி யுவர் – யுவர்ஸ், ஹெர் – ஹெர்ஸ், அவர் – அவர்ஸ், தேர் – தேர்ஸ். 'ஹிஸ்' மட்டும் இரண்டு வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும்.

'யுவர்ஸ்' நமக்கு ரொம்பப் பழக்கமான சொல். லீவ் லெட்டர் கடைசியில் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று எழுதுகிறோமே, அதுதான். 'உங்களுடையவன்' என்று நம்மையே அவருக்கு உரியவராகச் சொல்லிக்கொள்ளும் பழைய மரியாதை வழக்கம் அது. இந்த 'யுவர்ஸ்' மேலே கமாக் குறி போடுகிறவர்கள் ரொம்பப் பேர். போடவே கூடாது. யுவர்ஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தேர்ஸ், இட்ஸ் எதற்கும் அந்தக் குறி கிடையாது. அவை ஏற்கெனவே உடைமைச் சொற்கள்தான்.

தலைமேல் ஒரு கமா

அந்தக் குறிக்குப் பெயர் அபாஸ்ட்ரஃபி. கண்ணன் என்ற பெயருக்குப் பின்னால் அந்தக் குறியும் 'எஸ்' எழுத்தும் போட்டால் 'கண்ணனுடைய'.

பழைய இங்கிலீஷில் பல பெயர்ச்சொற்களுக்கு உடைமையைக் காட்ட, கடைசியில் 'இ', 'எஸ்' என்று இரண்டு எழுத்து சேர்த்தார்கள். காலப்போக்கில் அந்த 'இ' உச்சரிப்பில் தேய்ந்து போனது. அபாஸ்ட்ரஃபி 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து இங்கிலீஷ் அச்சுக்கு வந்தது. விடுபட்ட எழுத்தின் இடத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை. பிறகு அதுவே உடைமைக் குறியாக நிலைத்துவிட்டது.

குறி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கு. 'பாய்ஸ் ரூம்' என்பதில் 'எஸ்'ஸுக்கு முன்னாடி குறி வந்தால் ஒரே ஒரு பையனுடைய ரூம். பின்னாடி வந்தால் பல பையன்களுடைய ரூம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்குத்தான் வித்தியாசம். செப்டம்பர் 5 டீச்சர்ஸ் டே: ஆசிரியர்கள் பலர் என்பதால் குறி 'எஸ்'ஸுக்குப் பின்னாடி. நவம்பர் 14 சில்ட்ரன்ஸ் டே: 'சில்ட்ரன்' என்பதே பன்மை, அதனால் குறி 'எஸ்'ஸுக்கு முன்னாடி. அடுத்த தடவை போர்டில் எழுதும்போது கவனிச்சு எழுதுங்க.

மதர்ஸ் டேக்கு ஒரு சுவையான கதை உண்டு. அமெரிக்காவில் இந்த நாளைக் கொண்டுவரப் போராடியவர் ஆனா ஜார்விஸ் என்ற பெண்மணி. 1908இல் முதல் விழாவுக்கு ஏற்பாடு செய்தார். 1914இல் அது அரசு அறிவித்த நாளாக ஆனது. குறி 'எஸ்'ஸுக்கு முன்னாடிதான் வரணும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். உலகத்து அம்மாக்கள் எல்லாருக்கும் பொதுவான நாள் இல்லை, ஒவ்வொருத்தரும் தன் சொந்த அம்மாவை நினைக்கும் நாள் என்பது அவர் எண்ணம். ஒரு சின்னக் குறியில் இவ்வளவு பெரிய எண்ணம்!

'இட்ஸ்' என்பதையும் பார்த்துடுவோம். குறி இருந்தால் 'இட் இஸ்' என்பதன் சுருக்கம். குறி இல்லாவிட்டால் 'அதனுடைய'. 'இட்ஸ்' என்ற உடைமைச் சொல் இங்கிலீஷுக்கே புதுசு. முன்னாடி அஃறிணைக்கும் 'ஹிஸ்' என்றே எழுதினார்கள். 1611இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் பதிப்பில் 'இட்ஸ்' கிடையாது.

மேஜைக்கும் சொந்தம் உண்டா?

நம்ம நன்னூலில் ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள் என்று படிக்கிறோம். பிரிக்க முடியாதது தற்கிழமை. 'எனது கை' மாதிரி. பிரிக்கக் கூடியது பிறிதின்கிழமை. 'எனது புத்தகம்' மாதிரி. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே இதை அழகாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

இங்கிலீஷில் முக்கியமான கோடு வேறு இடத்தில். சொந்தக்காரர் உயிருள்ளவரா இல்லையா என்பதைப் பெரும்பாலும் பார்ப்பார்கள். மனிதர், விலங்கு என்றால் குறியும் 'எஸ்'ஸும்: 'கண்ணன்ஸ் லெக்', 'த டாக்ஸ் டெய்ல்'. உயிரில்லாத பொருள் என்றால் 'ஆஃப்': 'த லெக் ஆஃப் த டேபிள்'. ஆனால் காலத்துக்கு மட்டும் சலுகை உண்டு. 'டுடேஸ் பேப்பர்', 'டூ டேஸ் லீவ்' இரண்டுக்கும் குறி வேண்டும். லீவ் லெட்டரில் 'டூ டேஸ்' எழுதும்போது 'எஸ்'ஸுக்குப் பின்னாடி குறியை மறந்துடாதீங்க.

தாத்தா படம்

நாலாவது வாக்கியம் இதுதான். தாத்தாவைப் பிடித்த படமா, தாத்தா வைத்திருந்த படமா? தமிழில் 'தாத்தா படம்' என்றால் இரண்டும் இருக்கலாம். இங்கிலீஷில் இரண்டையும் பிரிக்க ஒரு வழி வச்சிருக்காங்க.

'எ போட்டோ ஆஃப் மை கிராண்ட்ஃபாதர்' என்றால் போட்டோவில் இருப்பவர் தாத்தா. 'எ போட்டோ ஆஃப் மை கிராண்ட்ஃபாதர்ஸ்' என்று கடைசியில் குறியும் 'எஸ்'ஸும் சேர்த்தால் அது தாத்தாவின் உடைமை. அதில் காந்தி இருக்கலாம், ஊர்க் கோயில் யானை இருக்கலாம், தாத்தா இல்லாமலும் இருக்கலாம்.

இதே அமைப்பில் வருவதுதான் 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்'. 'என் நண்பர்களில் ஒருவன்' என்று பொருள். 'ஆஃப் மீ' என்று எழுதக் கூடாது, 'ஆஃப் மைன்'.

'ஓன்' எதற்கு?

"கண்ணன் முருகனிடம் தன் அப்பா வந்திருப்பதாகச் சொன்னான்." யாருடைய அப்பா? கண்ணனுடைய அப்பா. 'தன்' என்ற சொல் காட்டிக் கொடுத்துவிடுகிறது. இங்கிலீஷில் "கண்ணன் டோல்ட் முருகன் தட் ஹிஸ் ஃபாதர் ஹேட் கம்" என்றால், கண்ணன் அப்பாவா முருகன் அப்பாவா என்று சண்டையே போடலாம். 'தன்' மாதிரி ஒரு சொல் அவர்களிடம் இல்லை.

இந்த மாதிரி சந்தேகம் வரும் பல இடங்களில் 'ஓன்' கை கொடுக்கும். "ஹீ டுக் ஹிஸ் பேக்" என்றால் யார் பையையோ எடுத்தானோ என்று தோன்றலாம். "ஹீ டுக் ஹிஸ் ஓன் பேக்" என்றால் தன் பையைத்தான் எடுத்தான். அழுத்தம் கொடுக்கவும் இதே சொல்தான்: "ஐ சா இட் வித் மை ஓன் ஐஸ்." என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 'ஆஃப் மை ஓன்' வேறு, 'ஆன் மை ஓன்' வேறு. "ஐ ஹேவ் எ ரூம் ஆஃப் மை ஓன்": எனக்கே எனக்கென்று ஒரு அறை இருக்கு. "ஐ டிட் இட் ஆன் மை ஓன்": யார் உதவியும் இல்லாமல் நானே செய்தேன். இரண்டு, கூடப் பிறந்த அண்ணனை 'ஓன் பிரதர்' என்றும் சித்தப்பா பையனை 'கசின் பிரதர்' என்றும் நம்ம ஊரில் சொல்றோம். இங்கிலாந்தில் 'பிரதர்' என்றாலே கூடப் பிறந்தவர்தான். சித்தப்பா பையன் வெறும் 'கசின்'.

'பிலாங்' – பொருள் பேசுகிறது

'ஓன்' வினையாக வந்தால் மனிதர் முன்னால் நிற்பார். "ஐ ஓன் திஸ் சைக்கிள்." 'பிலாங்' வந்தால் பொருள் முன்னால் நிற்கும். "திஸ் சைக்கிள் பிலாங்ஸ் டு மீ."

காணாமல் போன பொருளைக் கேட்டு இங்கிலீஷில் சீட்டு எழுதும்போது, "திஸ் பாட்டில் இஸ் பிலாங்கிங் டு மீ" என்று எழுதுகிறவர்கள் அதிகம். 'பிலாங்' ஒரு செயல் இல்லை, நிலை. ஓடிக்கொண்டிருக்கிறான் என்பது மாதிரி 'சொந்தமாகிக்கொண்டிருக்கிறது' என்று சொல்வோமா? அதனால் 'இஸ் பிலாங்கிங்' வேண்டாம், 'பிலாங்ஸ்' போதும். இதே காரணத்தால் 'ஐ ஆம் ஹேவிங் எ பென்' என்பதும் தவறு.

'பிலாங்'குக்கு இன்னொரு முகம் உண்டு. "ஐ பிலாங் டு த சயின்ஸ் கிளப்" என்றால் கிளப் என்னை விலைக்கு வாங்கியதாக அர்த்தம் இல்லை. நான் அதைச் சேர்ந்தவன். "ஐ ஃபீல் ஐ பிலாங் ஹியர்" என்றால், இது என் இடம், இங்கே நான் அந்நியன் இல்லை என்று பொருள். பொருளுக்குச் சொந்தம், மனிதருக்குச் சேர்மானம். ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. சிரித்துவிட்டதால் ஒரு பெண் எழுந்து படிக்கவே பயப்படுகிறாள் என்றால், அவளுக்கு இல்லாமல் போனது இந்த இரண்டாவது 'பிலாங்'தான். அதை அவளுக்குத் திருப்பிக் கொடுப்பது வகுப்பில் இருக்கிற நம்ம வேலை.

ஒரே வேரில் மூணு சொல்

கடைசியாக ஒரு அதிசயம். 'ஓன்' என்றால் சொந்தம். 'ஓ' என்றால் கடன்பட்டிருப்பது: "ஐ ஓ யூ டென் ருபீஸ்." 'ஆட் டு' என்றால் செய்தே ஆகணும் என்கிற கடமை: "யூ ஆட் டு ஹெல்ப் ஹெர்." மூணுக்கும் ஸ்பெல்லிங் வேறு, அர்த்தம் வேறு. ஆனால் மூணும் பழைய இங்கிலீஷில் 'வைத்திருத்தல்' என்று பொருள்படும் ஒரே வினைச்சொல்லிலிருந்து பிறந்தவை. சொந்தம், கடன், கடமை மூணும் கூடப் பிறந்தவை! 'நம் வகுப்பு' என்று சொந்தம் கொண்டாடினால், அந்த வகுப்பில் இருக்கிற எல்லாருக்கும் நாம கொஞ்சம் கடன்பட்டிருக்கோம், இல்லையா?

உங்களுக்கு ஒரு பயிற்சி

இங்கிலீஷில் சொல்லுங்க பார்ப்போம்.

1. அவள் தலை சீவினாள்.
2. இந்தக் குடை என்னுடையது.
3. எங்க அப்பா பஸ் டிரைவர். (சொல்வது ஒருத்தர்)
4. என் தோழிகளில் ஒருத்தி ஓவியம் வரைவாள்.
5. இந்தக் கணக்கை நானே போட்டேன்.

விடைகள்: 1. ஷீ கோம்ப்ட் ஹெர் ஹேர். 2. திஸ் அம்ப்ரெல்லா இஸ் மைன் (அல்லது, பிலாங்ஸ் டு மீ). 3. மை ஃபாதர் இஸ் எ பஸ் டிரைவர். 4. எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன் டிராஸ் பிக்சர்ஸ். 5. ஐ டிட் திஸ் சம் ஆன் மை ஓன்.

அஞ்சும் சரியா? சபாஷ்! ஒண்ணு ரெண்டு தப்பா? அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை படிங்க. யாராவது தப்பாச் சொன்னால் சிரிக்காதீங்க, கோடு எங்கே இருக்கு என்று காட்டிக் கொடுங்க.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு